பொறிமேல் பொறி

தம்பானூரில் மாலை ஆறு மணி என்பது மூன்று மாநிலங்கள் ஒரே தெருவில் முட்டிக்கொள்ளும் நேரம். திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பஸ் நிலையத்தில் பக்கவாட்டில் யானைகள் வரைந்த கேரள அரசு பஸ்கள் உறுமியபடி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே நாகர்கோவில் போகும் தமிழக பஸ். சற்றுத் தள்ளி, பெங்களூருக்குக் கிளம்பும் கர்நாடக சொகுசு பஸ்.

நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் பெரியவர் ஒருவர். கூடவே ஏழு வயதுப் பேரன். பையன் கையில் நடைபாதைக் கடையில் வாங்கிய லாரி பொம்மை. நாலு இடத்தில் மடக்கி நிமிர்த்தினால் லாரி எழுந்து நின்று ரோபோவாகிவிடும். ரோபோவின் மார்பில் சிவப்பு நிறத்தில் ஒரு முக முத்திரை. மறுபடி லாரியாக மடக்கினால் அந்த முகம் நடுவில் பிளந்து, ஒரு கண் இந்தப் பக்கமும் மறு கண் அந்தப் பக்கமும் போய்விடுகிறது.

"தாத்தா, லாரியா இருக்கும்போது இவன் நல்லவனா கெட்டவனான்னு எப்பிடித் தெரியும்?"

தாத்தாவிடம் பதில் இல்லை. பையன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். எதிரே நிற்கும் கேரள பஸ்ஸைக் காட்டி, "அந்த யானை பஸ் எந்தக் கட்சி?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால், பையன் கேட்ட இரண்டும் ஒரே கேள்விதான். ஓர் இயந்திரத்தின் மேல் முத்திரை எதற்கு? அதை எங்கே வைப்பது? அது யாருக்கு என்ன சொல்ல வேண்டும்? பொம்மை செய்கிறவர்களும் பஸ் ஓட்டுகிறவர்களும் இந்தக் கேள்வியுடன் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ரத்தம்கூடச் சிந்தியிருக்கிறது.

தமிழில் 'பொறி' என்றால் இயந்திரம். பொறி என்றால் முத்திரையும்தான். சோழனின் புலி, பாண்டியனின் கயல், சேரனின் வில் எல்லாமே பொறிகள். இந்த இரண்டு பொருளையும் ஒரே பிளாஸ்டிக் உருவத்தில் சேர்த்து உலகெங்கும் விற்றுக் காசு பார்த்தது அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி.

தமிழ்நாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் மின்வாரியம் தெருமுனையில் நட்டுவைத்த, அடிக்கடி வெடிக்கிற சமாசாரம். அமெரிக்கக் குழந்தைகளுக்கு 1984 முதல் அது வேறு. அந்த ஆண்டில்தான் ஹாஸ்ப்ரோ 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பொம்மைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொம்மைகள் அதன் சொந்தச் சரக்கல்ல. ஜப்பானின் தகரா கம்பெனி 'டயக்ளோன்', 'மைக்ரோ சேஞ்ச்' என்ற பெயர்களில் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தவை. கார், விமானம், டேப் ரெக்கார்டர், துப்பாக்கி என்று எல்லாமே ரோபோவாக மாறும். ஜப்பானிய டயக்ளோன் கதையில் இந்த இயந்திரங்களுக்கு உயிர் கிடையாது. உள்ளே உட்கார்ந்து ஓட்டுவதற்குக் குட்டி மனிதர்கள் இருந்தார்கள்.

ஹாஸ்ப்ரோ அந்தக் குட்டி மனிதர்களை இறக்கிவிட்டது. இயந்திரங்களுக்கே உயிர் கொடுத்து, மார்வெல் காமிக்ஸ் எழுத்தாளர்களை வைத்துப் பெயரும் குணமும் சூட்டியது. பிறகு அவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தது. நல்லவர்கள் ஆட்டோபாட்டுகள், முத்திரை சிவப்பு முகம். கெட்டவர்கள் டிசெப்டிகான்கள், முத்திரை ஊதா முகம். இந்தப் பிரிவினை கம்பெனியின் மேஜையில் நடந்தது, அச்சில் அல்ல. டயக்ளோனில் நாயகர் பக்கம் பறந்த ஜெட் விமானம் அதே அச்சில் வார்க்கப்பட்டு, ஊதா ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு, அமெரிக்காவில் ஸ்டார்ஸ்கிரீம் என்ற துரோகியாக இறங்கியது. இறக்கையும் அதுதான், மூக்கும் அதுதான். நல்லவன் கெட்டவன் ஆனது பெயரிலும், விரல் நகமளவு ஸ்டிக்கரிலும்தான்.

அந்த ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்பதில்தான் தொழில் நுட்பம் இருக்கிறது. சாதாரண பொம்மைக்கு ஒரே உடம்பு. நெஞ்சில் ஒட்டினால் வேலை முடிந்தது. உருமாறும் பொம்மைக்கு இரண்டு உடம்பு. ஒரு வடிவத்தில் வெளியே தெரியும் பரப்பு மறு வடிவத்தில் உள்ளே மடிந்துவிடும். இரண்டிலும் வெளியே இருக்கும் பரப்பு மிகக் குறைவு. அங்கேயும் கீல் குறுக்கே ஓடினால் முத்திரை பிளந்துபோகும். தம்பானூர்ப் பையனின் லாரிக்கு நேர்ந்தது அதுதான். பானெட் தலைகீழாகக் கவிழ்ந்து மார்பாக மாறும் காரில் இன்னொரு சங்கடம். காராக இருக்கையில் நேராக இருந்த முகம் ரோபோவான பிறகு தலைகீழாகத் தொங்கும். மடக்கும்போது ஒன்றோடொன்று உரசும் இடத்தில் ஒட்டினால் பத்து நாளில் உரிந்துவிடும்.

நல்ல உருவமைப்பாளர்கள் இதற்கெல்லாம் வழி கண்டார்கள். ஸ்டார்ஸ்கிரீமுக்கு முத்திரை இறக்கையில். விமானத்திலும் ரோபோவிலும் இறக்கை வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். டேப் ரெக்கார்டராக மாறும் சவுண்ட்வேவுக்கு கேசட் போடும் கண்ணாடிக் கதவில். அந்தக் கதவே ரோபோவின் மார்பு. நல்லவர்களின் தலைவனான ஆப்டிமஸ் பிரைமுக்குக் கார்ட்டூனில் தோளில். அவன் லாரியாகும்போது அதே தோள்கள் ஓட்டுநர் அறையின் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்துவிடும். ஆக, எந்த உருவத்தில் இருந்தாலும் யார் பக்கம் என்பதைக் குழந்தை ஒரே பார்வையில் கண்டுகொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த ரோபோக்களின் பெருமையே மாறுவேஷம்தான். மனிதர்கள் கண்ணில் படாமல் ஒளிந்து வாழவே காராகவும் லாரியாகவும் மாறுகிறார்கள். மாறுவேஷம் போட்டவன் நெற்றியில் கட்சிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு திரிவானா? கதைக்குள் யோசித்தால் அபத்தம். கதைக்கு வெளியே யோசித்தால் அவசியம். முத்திரை கதாபாத்திரங்களுக்காக அல்ல, பார்க்கிற குழந்தைக்காக. வேகமாக நகரும் கார்ட்டூனில் நாற்பது இயந்திரங்கள் மோதிக்கொள்ளும்போது யார் பக்கம் கை தட்டுவது என்று தெரிய வேண்டாமா?

முத்திரைக்குப் போலிகளும் வந்தார்கள். உருமாறும் பொம்மைகள் சந்தையில் பெருகியதும் 1985-ல் ஹாஸ்ப்ரோ ஒரு தந்திரம் செய்தது. பார்த்தால் வெறும் கறுப்புச் சதுரமாகத் தெரியும் ஸ்டிக்கர். விரலால் தேய்த்தால் அந்தச் சூட்டில் உள்ளே ஒளிந்திருக்கும் முகம் எழும்பி வரும். சிவப்பு அணியா ஊதா அணியா என்று அப்போதுதான் தெரியும். அசல் சரக்கு என்பதற்கும் அதுவே சாட்சி. அணியைச் சொல்ல வந்த முத்திரை கம்பெனியின் உத்தரவாதமாகவும் மாறிவிட்டது.

அதே 1985-ல் வந்த ஜெட்ஃபயர் என்ற விமானத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். அது தகராவின் பொம்மைகூட அல்ல. 'மேக்ராஸ்' என்ற வேறொரு ஜப்பானியத் தொடரின் விமானம். தொடக்கத்தில் விற்பனையான சிலவற்றில் அந்தத் தொடரின் சின்னமே இருந்தது. பின்னால் வந்தவற்றில் அது காணாமல் போயிற்று. உரிமைச் சிக்கலால் கார்ட்டூனில் அதன் தோற்றத்தையே மாற்றி, ஸ்கைஃபயர் என்று வேறு பெயரும் வைத்தார்கள். கதையிலும் அவன் கட்சி மாறியவன். டிசெப்டிகான்களோடு சேர்ந்து, மனம் மாறி, ஆட்டோபாட்டுகளின் பக்கம் வந்தவன். ஒரே உடம்புக்கு எத்தனை சின்னங்கள்!

சினிமா இதை இன்னும் கூர்மையாக்கியது. 2007-ல் வந்த ஹாலிவுட் படத்தில் ஒரு கெட்ட ரோபோ போலீஸ் காராக மாறித் திரிகிறது. அமெரிக்க போலீஸ் கார்களில் காப்போம், தொண்டு செய்வோம் என்ற பொருளில் எழுதியிருக்கும் வாசகம் அதன் உடம்பில் தண்டிப்போம், அடிமையாக்குவோம் என்று மாறியிருக்கிறது. எழுத்து இருக்கும் இடம் அதேதான் என்பதால் யாரும் உற்றுப் படிப்பதில்லை. முத்திரை வழக்கமான இடத்தில் இருந்தால் போதும், மக்கள் நம்பிவிடுவார்கள் என்பதை இயக்குநர் மைக்கேல் பே தெரிந்தே காட்டினாரோ என்னவோ.

இதெல்லாம் அமெரிக்கப் பொம்மைச் சண்டை, நமக்கென்ன என்று தமிழர்கள் சொல்லிவிட முடியாது. காஞ்சிபுரத்தில் கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யானைக்கு எந்தக் கலையும் தெரியாது. ஆனால் யானை தெருவில் நடக்கிறது, நெற்றி எல்லோர் கண்ணிலும் படுகிறது. எங்கே எல்லோரும் பார்க்கிறார்களோ அங்கேதான் முத்திரைக்குச் சண்டை.

இந்தக் காலத்தில் தெருவில் நடக்கும் யானை பஸ்தான். கேரளத்தில் இது உவமைகூட அல்ல. பக்கவாட்டில் இரண்டு யானைகள் கொண்ட சின்னம் இருப்பதால் அரசு பஸ்ஸை அங்கே 'ஆனவண்டி' என்றே செல்லமாக அழைக்கிறார்கள்.

அந்த வண்டியின் பூர்வீகம் இதே திருவனந்தபுரம். 1938 பிப்ரவரி 20 அன்று திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அரசு பஸ் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். நிர்வகிப்பதற்கு லண்டன் பஸ் நிறுவனத்தில் இருந்த ஈ.ஜி. சால்டர் என்ற ஆங்கிலேயரை வரவழைத்திருந்தார்கள். அரசு பஸ்கள் முதலில் ஓடிய தடம் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி. நாகர்கோவில் வழியாகப் போகும் சாலை. அப்போது அந்தச் சாலையில் எல்லை எதுவும் கிடையாது. தொடக்கமும் முடிவும் ஒரே மன்னரின் நாடு.

1956 நவம்பர் 1 அன்று எல்லை வந்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. சும்மா வரவில்லை. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அது. 1954 ஆகஸ்டு 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழர்கள் உயிரிழந்தார்கள். பொம்மை ரோபோ உடம்பை மாற்றும், முத்திரையை மாற்றாது. இங்கே நேர்மாறு. சாலை அதேதான், ஓடும் வண்டிகளும் பார்வைக்கு ஒரே மாதிரிதான். பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயர்தான் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஆனது.

பெயருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் கேரளமும் கர்நாடகமும் கோர்ட்டுக்குப் போய்க் காட்டின. கேரள அரசுப் போக்குவரத்துக் கார்ப்பரேஷன் உருவானது 1965-ல். மைசூர் மாநிலம் கர்நாடகமாகப் பெயர் மாறிய 1973-ல் அதன் கார்ப்பரேஷனும் பெயர் மாற்றிக்கொண்டது. ஆங்கிலத்தில் சுருக்கினால் இரண்டுமே கே.எஸ்.ஆர்.டி.சி. நாற்பது வருஷம் யாருக்கும் பெரிய உறுத்தல் இல்லை. ஒருவர் வண்டியில் யானைகள். மற்றவர் சின்னத்தில் கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவை. 2013-ல் கர்நாடகம் இந்தச் சுருக்கெழுத்துக்கும் பறவைக்கும் வணிகச் சின்னப் பதிவு பெற்றதும் கேரளம் விழித்துக்கொண்டது. சிகரெட்டும் சோப்பும் விற்கிறவர்களின் சட்டத்தில் இரண்டு மாநில அரசுகள் மோதின. 2021 ஜூனில் வணிகச் சின்னப் பதிவகம் எழுத்துகளும் யானைச் சின்னமும் 'ஆனவண்டி' என்ற பெயரும் தங்களுக்கே என்று சொல்லிவிட்டதாகக் கேரளம் கொண்டாடியது. கர்நாடகம் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் பதிவை எதிர்த்துக் கேரளம் போட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்துசேர்ந்தது. 2023 டிசம்பரில் அது தள்ளுபடியானது.

இத்தனைக்கும் நடுவே தம்பானூர்ப் பயணிக்கு எந்தக் குழப்பமும் வந்ததாகத் தெரியவில்லை. அவர் எழுத்தைப் பார்த்து ஏறுவதில்லை. யானையைப் பார்க்கிறார், அல்லது நடத்துநர் கூவும் ஊர்ப் பெயரைக் கேட்கிறார். பறவைச் சின்னக் கார்ப்பரேஷன் தன் சொகுசு பஸ்ஸுக்கு 'ஐராவத்' என்று இந்திரனின் யானையின் பெயரை வைத்திருப்பது பற்றியும் அவர் கவலைப்படவில்லை. இந்தச் சண்டையில் கோர்ட் செலவைத் தவிர யாருக்கும் சேதமில்லை.

தமிழ்நாட்டில் நடந்தது அப்படியல்ல. 1972 முதல் அரசு பஸ் கழகங்களுக்குப் பழம்பெருமை மிக்க பெயர்கள் சூட்டப்பட்டன. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன், கோவைக்குச் சேரன். மூவேந்தர்களும் இலச்சினையை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். 1974-ல் திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன். 1983-ல் அதிலிருந்து பிரிந்த நாகர்கோவிலுக்கு நேசமணி. எல்லைப் போராட்டத் தலைவரின் பெயர் தாங்கிய வண்டி அதே எல்லையைத் தாண்டித் தம்பானூருக்கு வந்து யானைகளின் பக்கத்தில் நின்றது. யாரும் முகம் சுளிக்கவில்லை.

1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய கழகம் தொடங்கியது அன்றைய தி.மு.க. அரசு. பெயர், வீரன் சுந்தரலிங்கம். கட்டபொம்மனின் படைத் தளபதி. தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். மன்னன் கட்டபொம்மனின் பெயர் எழுதிய பஸ்ஸில் 23 ஆண்டுகளாக எல்லோரும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவனுடைய தளபதியின் பெயர் எழுதியதும் அந்த பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் சிலர் மறுத்தார்கள். பஸ்கள் தாக்கப்பட்டன. கலவரம் தென் மாவட்டங்களில் பரவியது. உயிர்கள் போயின. 'பொறி' என்ற சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு: தீப்பொறி.

அரசு கண்டுபிடித்த தீர்வு எளிமையானது. எல்லாப் பெயர்களையும் அழித்துவிடுவது. 1997 ஜூலையில் பல்லவனும் பாண்டியனும் சேரனும் சோழனும் ஒரே வீச்சில் இறக்கிவிடப்பட்டார்கள். நேசமணி போனார். யாருக்கும் எந்தத் தீங்கும் நினைக்காத திருவள்ளுவரும் விரைவு பஸ்களிலிருந்து இறங்கினார். தலைவர்களின் பெயர் கொண்ட மாவட்டங்கள்கூடத் தலைநகரின் பெயருக்குத் திரும்பின. பஸ்களில் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயர் வந்தது. திருக்குறள் மட்டும் பஸ்ஸுக்குள்ளே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பத்திரமாக இருந்துகொண்டது. உள்ளே இருப்பதால் தெருவுக்குத் தெரியாது. சண்டையும் இல்லை.

அமைதி திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் இதை நியாயப்படுத்தலாம். எல்லாப் பெயரும் போனதால் எவர் பெயருக்கும் தனி அவமானம் இல்லை என்றும் வாதிடலாம். ஆனால் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. சுந்தரலிங்கத்தின் பெயர் பஸ்ஸில் இருக்கக் கூடாது என்றவர்கள் கேட்டது கிடைத்தது. கூடவே மற்றப் பெயர்களும் போனது அவர்களுக்கு நஷ்டமில்லை. ஒரு தலித் வீரனின் பெயரை மட்டும் அழித்தால் அநியாயம் என்று தெரியும்; எல்லாவற்றையும் அழித்தால் நிர்வாகச் சீர்திருத்தம் என்று ஆகிவிடும். பஸ்ஸில் எந்தப் பெயர் இருந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஓர் அரசு சொல்ல முடியாமல் போன நாள் அது.

பொம்மையில் முத்திரையின் வேலை எதிரியைக் காட்டுவது. சிவப்பா ஊதாவா என்று தெரிந்தால்தான் விளையாட்டு. பஸ்ஸில் முத்திரையின் வேலை வேறு. இந்த வண்டி பழுதானால், மோதினால், பாதி வழியில் இறக்கிவிட்டால் யாரைக் கேட்பது என்று சொல்வது. அது பயணிக்குத் தெரிகிற இடத்தில், பிளந்துபோகாமல், நேராக இருந்தால் போதும். யானை, பறவை, மன்னன், தளபதி எதுவாக இருந்தாலும் பொறுப்பேற்கிறவரின் கையெழுத்து அது. அதைக் கட்சிச் சின்னமாகப் படிக்கிறவர்கள் பெருகினால் குற்றம் பெயின்டரிடம் இல்லை.

தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸில் இடம் பிடிக்க முடியவில்லை. பெரியவர் பேரனைத் தூக்கிக்கொண்டு அடுத்து வந்த யானை வண்டியில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்த பையன் விடவில்லை. "சொல்லுங்க தாத்தா, இது எந்தக் கட்சி?"

"முன்னால நம்ம வண்டியில நேசமணின்னு எழுதியிருக்கும். அதுலயும் வந்திருக்கேன். இதுலயும் வந்திருக்கேன். எல்லாம் ஒரே ரோடுதான், மக்களே."

பையனுக்குத் திருப்தியில்லை. லாரியை மடியில் வைத்து, மார்பில் பிளந்து கிடந்த சிவப்பு முகத்தை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தான். சற்று யோசித்து, லாரியாக இருந்தாலும் ரோபோவாக இருந்தாலும் தெரிகிற இடமாகப் பார்த்து, தோளில் ஒட்டி அழுத்தினான்.